வாய் கீழே வைத்த இரண்டு பெட்டிகள்

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் முகத்துவாரக்குப்பத்துல வாசிக்கிறோம். அவசியம் வந்து கேளுங்க சார். அடுத்த வாரம் பெங்களூர் போற வேன்ல நான் இருப்பேனான்னு அன்னிக்குத் தெரிஞ்சிரும்."

கப்பல் சரக்குப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிய இக்கடிதத்தில் தேதி இல்லை. மூலையில் 'வியாழன், நைட் ஷிஃப்ட்' என்று மட்டும் இருந்தது. செல்பேசிச் செய்திகள் ஒருநாள் காணாமல் போகும், தாள்தான் நிற்கும் என்று எப்போதோ நான் சொன்னதை நினைவில் வைத்து, ஜெரால்டு தாளிலேயே எழுதியிருந்தார்.

ஜெரால்டுக்கு வயது நாற்பத்து நான்கு. 'ஏழாம் பெர்த்' என்ற ராக் குழுவில், பாட்டின் கனத்த அடியோசையைத் தரும் நான்கு கம்பி பேஸ் கிட்டாரை வாசிப்பவர். துறைமுகத்தில் கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் கப்பலோடு இறுக்கிக் கட்டும் லேஷிங் வேலை அவருக்குச் சோறு போடுகிறது.

ஞாயிறு, காலை 11.40. குரோம்பேட்டையிலிருந்து பத்து ரூபாய் டிக்கெட்டில், கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, ராயபுரத்தில் இறங்கினேன். ஜெரால்டின் வீடு நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. அவர் சாமான் கட்ட இரும்புக் கம்பி வாங்கப் போயிருந்தார். அவருடைய கதையை மனைவி மெர்சிதான் வஞ்சிர மீன் பொரித்துக்கொண்டே சொன்னார்.

பதினாறு வயதில் ஜெரால்டு மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது அங்கே மிச்சமிருந்தது ஒரே ஒரு பழைய கிட்டார். அதில் மெல்லிய கம்பிகள் இரண்டும் அறுந்திருந்தன. புதுக் கம்பி வரும்வரை மீதி நான்கைத் தட்டச் சொன்னார்களாம். புதுக் கம்பி வரவேயில்லை. அந்த நான்கிலேயே அவர் தேறிவிட்டார். பிறகு கல்யாணக் கச்சேரி, அன்னதான மேடை, கடைசியில் இந்த ராக் குழு.

"கட்டிக்கினு இருவது வருசம் ஆவுது சார்," என்றார் மெர்சி. "இந்தாளு மேடையில நிக்கறத பாத்துகீறேன். இன்னா வாசிக்கிறாருன்னு ஒரு நாளும் காதுல வுழுந்ததில்ல."

அது மிகையல்ல. வடசென்னைத் திறந்தவெளி மேடைகளில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள்தான் கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டுபோகும். குரல் போகும், டிரம்ஸ் போகும், பேஸ் போகாது. பேஸுக்கென்று வைக்கும் பெரிய பெட்டிகளின் சத்தத்தை மணல் குடித்துவிடும். ஜெரால்டு வாசிப்பது நானறிய உடன் வாசிப்பவர்களுக்கு மட்டுமே கேட்டது.

இப்போது அதற்கும் சோதனை. குழுவின் பாடகர் தீபன் கீபோர்டும் வாசிப்பவர். பெங்களூர்க் கச்சேரிக்குப் போகும் வேனில் ஆட்களுக்கு ஐந்து இருக்கைகள்; குழுவிலும் ஐந்து பேர். ஒன்றில் கீபோர்டுப் பெட்டி போயாக வேண்டும். பேஸை இடது கையாலேயே கீபோர்டில் வாசித்துவிடலாம் என்று தீபன் சொல்லிவிட்டார். அவர் பேச்சில் வஞ்சமில்லை. கேட்காத ஒன்றுக்கு இருக்கை எதற்கு என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

பிற்பகல் 1.30. நாற்பதடி டிரெய்லர் ஒன்று வந்து நின்றது. அன்றைய வண்டியும் அதுதான், மேடையும் அதுதான். சாமான் ஏற்றியவர்கள் ஜெரால்டின் ஷிஃப்ட் ஆட்கள் நான்கு பேர். அவர்களுக்குத் தலைவர் பாஸ்கர். கப்பலில் ஏற்றுவதுபோலவே ஏற்றினார்கள். கனமானது முதலில், கேபினை ஒட்டி. சாயக்கூடியது எதுவோ அது குப்புற. அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மரக்கட்டைகள். அப்படித்தான் பேஸ் பெட்டிகள் இரண்டும் வாய் கீழே வைத்துப் படுத்தன. குறுக்கே கம்பி போட்டு, நீண்ட இரும்புச் சாவியால் திருகி இறுக்கினார் பாஸ்கர்.

"புயலே அடிச்சாலும் நவுராது மாமு," என்றார்.

2.45. குழுவினரும் மெர்சியும் ஏறிக்கொள்ள, புறப்பட்டோம். என் கணக்கில் பதினைந்து கிலோமீட்டர். காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச்சாலையில் ஏறியதும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூரில் அரை மணி நேரம் நின்றோம். லாரிகளுக்கிடையே தேநீர் விற்றவரிடம் ஒரு கோப்பை பன்னிரண்டு ரூபாய். ஜெரால்டு உறையிலிருந்து கிட்டாரை எடுக்கவேயில்லை. எர்ணாவூர் வரை அது அவர் மடியிலேயே இருந்தது.

4.20. முகத்துவாரக்குப்பம். வலை பின்னுவதற்குப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதன் திறப்புக்குத்தான் கச்சேரி. டிரெய்லரைக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தினார்கள். பேஸ் பெட்டிகளை இறக்கி இருபுறமும் மணலில் வைக்க வேண்டும் என்றார் தீபன்.

பாஸ்கர் கேபினில் தேடினார், சாக்கைக் கொட்டினார், தலையைச் சொறிந்தார். திருகுச் சாவி ராயபுரத்திலேயே தங்கிவிட்டது என்றார். கையால் திருப்பிப் பார்த்தார்கள், கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள். கடலுக்காகப் போட்ட கட்டு அசையவில்லை.

"இன்னாத்துக்குணா இப்டி கட்டுன?" என்றார் தீபன். "இன்னா சிங்கப்பூருக்கா போவுது?"

"கட்டுன்னா கட்டுறதுதான். பாதிக் கட்டு எனுக்குத் தெரியாது."

ஜெரால்டு இருவரையும் பார்த்தார். குப்புறக் கிடந்த பெட்டிகளின் முதுகில் வயரைச் சொருகினார். "இப்டியே வாசிக்கிறேன்," என்றார்.

5.30. முதல் பாட்டில் தீபனின் இடது கையும் கீபோர்டில் பேஸைத் தொடர்ந்துகொண்டிருந்தது. ஜெரால்டு முதல் கம்பியை அழுத்தி மீட்டியதும் டிரெய்லரின் இரும்புத் தளம் முழுதும் முனகியது. நான் பின்சக்கரத்தருகே நின்றிருந்தேன். சத்தம் செருப்பு வழியாக முழங்காலுக்கு ஏறியது. அத்தனை இறுக்கிக் கட்டியிருந்ததால் ஒரு கட்டுக்கம்பிகூடக் கடகடக்கவில்லை. நாற்பதடி இரும்பு அவருக்கு ஒரே வாத்தியமாகிவிட்டது.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கரையில் கவிழ்த்திருந்த ஃபைபர் படகுகள் உறுமின. வலை பின்னும் பெண் ஒருவர் படகின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு படகிலும் கைகள் இருந்தன.

மூன்றாம் பாட்டின் நடுவே தீபன் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டார். ஜெரால்டு அதைப் பார்த்தார். அதன்பின் அவர் வாசித்ததை என் குறிப்பேட்டில் எழுத முயன்று அடித்துவிட்டேன். கூட்டம் ஆடியது, கடைசிப் பாட்டை மறுபடியும் கேட்டது, இரண்டாவது முறையும் கேட்டது.

6.50. இறங்கிவந்த ஜெரால்டின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. மெர்சி அவர் முன்னால் போய் நின்றார்.

"இத்தினி வருசமா இத்தையா மறைச்சி வெச்சிகினு இருந்தே?"

ஜெரால்டு சிரித்துவிட்டுக் கண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தீபன் கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு வந்து, "ஜெரால்டுணா, கீபோர்டுப் பெட்டி வேன் மேல போவட்டும். அந்த சீட்டு உன்னுது," என்றார்.

"நானே கட்டித் தரேன் நைனா," என்றார் பாஸ்கர். "ஆனா பெங்களூர்ல அவுக்கறது உன் பாடு."

7.15. திரும்பினோம். கத்திவாக்கம் தாண்டியும் டிரெய்லரில் யாரோ ஒருவர் கடைசிப் பாட்டை முனகிக்கொண்டே வந்தார். நான் வசிக்கும் பக்கத்தில் அரங்குகள் உண்டு, நல்ல ஸ்பீக்கர்களும் உண்டு; எல்லா வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒருவர் வாசிப்பைக் கேட்க எழுந்துபோய்ப் படகைத் தொட்ட கூட்டத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் என் குறிப்பில் நிறைவு பெறாமல் இருக்கிறது. திருவொற்றியூரில் தேநீருக்கு இறங்கியபோது, பாஸ்கரின் சாப்பாட்டுப் பையிலிருந்து நீளமான இரும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததாக என் குறிப்பேட்டில் இருக்கிறது. அது டிபன் கேரியரின் கம்பி என்கிறார் அவர். சாவி உண்மையிலேயே ராயபுரத்தில்தான் இருந்ததா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.