பலகையில் இல்லாத பொடி

அக்காவின் கணவரை நான் இப்போதெல்லாம் ரொட்டிக்காரர் என்றுதான் சொல்கிறேன். மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை.

அவருடைய கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், வேறெதுவும் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத மாவறையில் மாவைச் சலித்துக் கொட்டுவது அக்காவின் வேலை. ரொட்டி பஞ்சாக உப்புவதற்கு ஒரு வெள்ளைப் பொடியையும் அள்ளிக் கலப்பாள். அந்தப் பொடியைப் பற்றி வெளியே ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. எனக்கே அது வெகுநாள் தெரியாது.

கல்யாணமான புதிதில் மாடிப்படியில் ஓடி ஏறியவள் அவள். முதலில் தும்மல் வந்தது. பிறகு இருமல், அப்புறம் இழுப்பு. கடை அடைத்திருக்கும் நாளில் நன்றாக இருப்பாள். மறுநாள் மாவறைக்குள் போனதும் நெஞ்சு விசிலடிக்கும்.

"லீவு நாள்ல நல்லா வர்ற மூச்சு, வேலை நாள்ல மட்டும் இழுக்குமா?" என்பார் ரொட்டிக்காரர். நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார், பாவம், அது அவருக்குத் தெரியவில்லை.

நான் சண்டை பிடித்த பிறகுதான் அவளை ஒவ்வாமை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மருத்துவர் கேட்டபடி கடை மாவையும் ரொட்டிக்காரர் எடுத்து வந்தார். புது மூட்டையைப் பிரித்து, நைஸாகச் சலித்து, கடை மானத்தையே பொட்டலம் கட்டியதுபோல் கட்டியிருந்தார். பொடி கலக்காத மாவு.

அரிப்பு மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டிருந்தால் தோல் உள்ளதைச் சொல்லாதாம். நர்ஸ் அக்காவின் முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் லேசாகக் குத்தினார். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. இன்னொன்று எல்லோருக்கும் தடிக்கிற மருந்து, அது தடித்தே ஆக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். கால் மணி நேரத்தில் அந்த இரண்டும் சரியாகவே இருந்தன. மாவு வைத்த இடம் மட்டும் சும்மா கிடந்தது.

முதுகில் பட்டைகள் ஒட்டியிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, அதையும் செய்யலாமா என்று கேட்டேன். அது சாயம், உலோகம் பட்டு மெதுவாக வரும் தோல் அரிப்புக்கு, இரண்டு நாள் ஒட்டிவைப்போம், இழுப்புக்கு உதவாது என்றார் நர்ஸ்.

மாவில் வேறு எதுவும் கலப்பதுண்டா என்று மருத்துவர் அக்காவைக் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் ரொட்டிக்காரர் முந்திக்கொண்டார்.

"பலகையிலயே எழுதி வச்சிருக்கோம் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல."

அக்கா தரையைப் பார்த்தாள்.

ரத்தமும் எடுத்தார்கள். ஒரு பொருளை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. எந்தப் பொருள் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாததை அது தேடாது. கோதுமை என்று சொன்னோம், இல்லை என்று வந்தது.

"ஊசியும் குத்திப் பாத்தாச்சு, ரத்தமும் எடுத்துப் பாத்தாச்சு. இனிமே மூச்சு முட்டுதுன்னு என்கிட்ட வராத" என்றார் ரொட்டிக்காரர். அதன்பிறகு அவள் அவரிடம் எதுவும் சொல்லப் போகவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் மாவறையிலேயே சுருண்டு விழுந்தாள். ஆக்சிஜன் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அன்றுதான் பொடி விஷயத்தை என்னிடம் சொன்னாள். ஏன்டி அப்பவே சொல்லவில்லை என்று கத்தினேன். கடை பேர் கெட்டுவிடும் என்று பயந்தாளாம்.

உடம்பு தேறியதும் பொடிப் பாக்கெட்டோடு நாங்கள் இருவர் மட்டும் போனோம். மருத்துவர் பாக்கெட்டைப் படித்தார். பூஞ்சையிலிருந்து எடுத்த ஒரு நொதி அதில் இருந்தது. அதன் சொட்டை வைத்துக் குத்தியதும் கை திகுதிகுவெனச் சிவந்து, நாணயம் அளவுக்குத் தடித்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து அக்கா அந்தக் கையை நீட்டினாள். ரொட்டிக்காரர் வெகுநேரம் பார்த்தார். இப்போதாவது மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"டாக்டர்கிட்ட கடை பேரச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அக்கா கையை மடக்கிக்கொண்டாள். "சொல்லல. சொல்லாம இருந்தே பழகிடுச்சு."

இப்போது அவள் என் வீட்டில் இருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள். மாவறைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். மாவைச் சலிக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே, ரொட்டிக்காரர் பொடியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.