பூட்டிய ஃபோனும் சொந்த ஊரும்

அயர்லாந்தில் செல்ஃபோனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவரிடம் எங்கே தொலைத்தாய் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "பூட்டியிருந்ததா?" என்றுதான் கேட்கிறார்கள். காலை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் ஃபோனை விட்டுவிட்டேன். பஸ் கம்பெனிக்கு அடித்துச் சொன்னபோது அங்கிருந்த பெண் அதைக் கேட்டாள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சமையல்காரர்கூட அதையேதான் கேட்டார். பூட்டியிருந்தது என்று சொன்னதும், பெரிய ஆபத்து விலகியதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். இதே செய்தியைக் கேரள மலையில் இருக்கும் எங்கள் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நாலு பேர் அந்த நம்பருக்கு அடித்திருப்பார்கள். எடுத்தவர் யாராக இருந்தாலும் டீக்கடையில் கிடந்தது என்றோ ஜீப் சீட்டுக்கடியில் இருந்தது என்றோ சொல்லி, கூடவே ஃபோனில் சார்ஜ் இல்லை என்று நம்மைத் திட்டவும் செய்திருப்பார்.

எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எஸ்டேட் வீடுகளில், பூட்டு என்பது ஒரு மரியாதைக்குத்தான். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அவர் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கும். ஃபோனும் அப்படித்தான். முதன்முதலில் கடவு எண் கேட்கும் ஃபோன் வந்தபோது அப்பா தன்னுடைய செக்ரோல் நம்பரைப் போட்டார். எஸ்டேட் பதிவேட்டில் அவருக்கு இருந்த நாலு இலக்க நம்பர் அது. கொழுந்து லாரி ஓட்டிய அப்பாவின் நம்பர் லயத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நான் சொன்னேன். தெரிந்தால்தானே அவசரத்துக்கு எடுத்துப் பேசுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பூட்டு என்றால் குரங்கு உள்ளே வராமல் இருப்பதற்கு. மனிதர்களுக்கு எதிராக ஒரு பூட்டு இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நான் அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்று என் ஃபோனிலும் அதே நம்பரைப் போட்டுத் தந்தார். புது இடத்தில் பதற்றத்தில் மறந்துவிடுவேன் என்று, முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரி கிழித்து, அதில் பால்பாயின்ட் பேனாவால் அந்த நாலு எண்ணையும் எழுதி, ஃபோனின் முதுகில் ஒட்டி, மேலே கவரை மாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தில் ஏறியதும் பிய்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஏறியதும் பிய்க்க மனம் வரவில்லை. நாலு வருஷம் அது அங்கேயே இருந்தது. போன மழைக்காலத்தில் அப்பா இறந்த பிறகு அதைப் பிய்ப்பதைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை, அவர் கையெழுத்தில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். பூட்டியிருந்ததா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொன்னேனே, அது இந்த லட்சணத்தில் பூட்டியிருந்தது.

மேலாளர் ஃபியோனா நல்ல பெண். என்னை உட்காரவைத்து டீ கொடுத்தாள். பிறகு மெதுவாக, ஃபோனை வைப் செய்துவிட்டாயா என்று கேட்டாள். இங்கே நாள் முழுக்க எங்கள் வாயில் புழங்கும் சொல் அது. முகம் துடைக்க, மேஜை துடைக்க, படுக்கை துடைக்க எல்லாவற்றுக்கும் வைப்தான். தினமும் காலையில் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டது துடைப்பதை அல்ல. தொலைந்த ஃபோனை இங்கிருந்தபடியே, அதில் உள்ளது ஒன்றுவிடாமல் அழித்துவிடுவதை. அதைச் செய்யத்தான் வேண்டும், இன்று வேலை முடிவதற்குள் செய்தால் நல்லது என்றாள்.

அவள் சொன்னதற்குக் காரணம் நான்தான். முந்தின நாள் டாம் என்ற பெரியவரின் குதிகால் புண்ணைப் படம் எடுத்து டாக்டருக்குக் காட்ட வேண்டியிருந்தது. இல்லத்தின் டேப்லெட்டில்தான் எடுக்க வேண்டும், அது விதி. டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. என் ஃபோனில் எடுத்து அனுப்பிவிட்டு, அழிக்க மறந்துவிட்டேன். வந்ததுமே அதை ஃபியோனாவிடம் சொல்லியிருந்தேன். டாம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். மகள் பார்க்க வந்தால்கூடக் கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொள்வார். நான் படம் எடுத்தபோது, "இதை யாருக்கும் காட்டமாட்டாய், இல்லையா?" என்று கேட்டார். டாக்டருக்கு மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தேன். அழிக்கும்வரை பூட்டித்தானே இருக்கும், யாரும் பார்க்க முடியாதே என்று ஃபியோனா என்னைத் தேற்றப் பார்த்தாள். அப்போதுதான் பிளாஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். கவரைக் கழற்றினால் எண் இருக்கிறது என்றேன். அவள் திட்டவில்லை. யார் எழுதியது என்று மட்டும் கேட்டாள். அப்பா என்றேன்.

அதே ஃபோனில் அப்பாவின் குரலும் இருந்தது. நான் இங்கே வந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு குரல் செய்தி அனுப்புவார். எதிர்மலையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல உரத்த குரலில்தான் பேசுவார், அயர்லாந்து தூரம் என்பதால். ரேஷன் கடைக்குப் பின்னால் யானை நிற்கிறது, லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன் என்பார். எஸ்டேட் கோயிலில் புது ஃபாதர் மலையாளத்திலேயே பிரசங்கம் வைக்கிறார், உன் அம்மா தூங்கிவிட்டாள் என்பார். முடிக்கும்போது வைக்கிறேன் என்று சொல்ல மாட்டார். மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவருக்கு எப்போதும் நேரமாகும். அனுப்பிய கையோடு தன் ஃபோனில் அழித்துவிடுவார், இடம் நிறைந்துவிடுமாம். நானும் அவற்றை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. பேக்கப் போடவா என்று ஃபோன் கேட்கும்போதெல்லாம் பிறகு என்று அமுக்கியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிற நீங்களும் அப்படி அமுக்கியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஃபோனைத் தேடவோ அழிக்கவோ வேண்டுமென்றால் முதலில் என் பழைய மின்னஞ்சலுக்குள் நுழைய வேண்டும். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதிதாக மாற்றக் குறியீடு அனுப்புகிறோம் என்றது, அனுப்பியது தொலைந்த ஃபோனுக்கு. வேறு வழி கேட்டேன். சொந்த ஊர் எது என்று ஒரு கேள்வி வந்தது. நர்ஸிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மூணாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்தக் கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த பதில் அதற்குத் தெரியுமாம். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இதில் என்ன யோசனை, சின்னக்கானல் என்று அடித்தேன். தவறு என்றது. ஆங்கிலத்தில் எங்கள் ஊரை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், ஆகவே ஒரு எழுத்தைக் கூட்டி அடித்தேன். தவறு. மூணாறு என்று அடித்தேன். தவறு, இன்னும் ஒரு முறைதான் முயலலாம் என்றது. பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்லி, அது இல்லை என்று ஓர் இயந்திரம் என்னிடம் சொன்னபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அப்பாவுடையது. அந்த சிம் இப்போது அம்மாவிடம். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் லய வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. அம்மா சங்கரன்கோவில் பக்கம் கரிசல்குளத்தில், அப்பா பாதி கட்டி வைத்திருந்த வீட்டில் இருக்கிறாள். ஃபியோனாவின் மேஜை ஃபோனிலிருந்து அடித்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, இந்த மாதிரி நம்பரையெல்லாம் எடுக்கக் கூடாது, திருட்டுப் பயல்கள் என்று நீதானே சொன்னாய் என்று என்னையே வைதாள். விஷயத்தைச் சொன்னேன். அவளும் அப்பாவும் என்னோடு கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"நீ சர்ட்டிபிகேட்டு ஜெராக்ஸ் எடுக்க வெளிய போயிட்டட்டி. அந்த மலையாளத்தான் எங்ககிட்ட 'நாடு ஏதா'ன்னு கேட்டான். நான் சின்னக்கானல்னேன். ஒங்கப்பாவுக்கு வந்துட்டே கோவம். அது பொழைக்க வந்த எடம், நாடு கரிசல்குளம்லா, ஒழுங்கா சொல்லுன்னு அவன் முன்னாலயே என்னைய ஏசினாரு."

மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். எங்கள் எஸ்டேட் தமிழில் ஊர் என்றாலே அது மலைக்குக் கீழே, தமிழ்நாட்டில் இருப்பது. மூன்று தலைமுறையாக மலையில் கொழுந்து கிள்ளினாலும், ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றால் சங்கரன்கோவிலுக்கோ தேனிக்கோ போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சின்னக்கானலைப் பெரியவர்கள் யாரும் ஊர் என்று சொல்லமாட்டார்கள், எஸ்டேட் என்பார்கள். நான் கரிசல்குளத்துக்குக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்குமாக ஏழெட்டு முறை போயிருப்பேன். அப்பாவும் அங்கே பிறந்தவரல்ல, அவருடைய அப்பா பிறந்த இடம் அது. ஆனாலும் ஓய்வு பெற்றதும் அங்கே போய் வேட்டியோடு நடக்க வேண்டும் என்று மழையில் லாரி ஓட்டிக்கொண்டே அவர் நாற்பது வருஷம் ஆசைப்பட்டார். போய்ச்சேரவில்லை. அவர் போய் வாழாத ஊரை ஒரு கணக்கின் சாவியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கரிசல்குளம் என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். திறந்தது. சந்தோஷப்பட நேரமில்லை. எடுத்து வைத்த பிரதி ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு வரைபடம் வந்தது. அதில் என் ஃபோன் ஒரு பச்சைப் புள்ளியாக, பஸ் போகாத சாலையில், நகரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒலிக்கவைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அந்த ஃபோனின் திரையில் இல்லத்தின் நம்பரை வரும்படி செய்து காத்திருந்தேன். யாரும் அழைக்கவில்லை. புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. இனி யோசிக்க வேறொன்றும் இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றாள் ஃபியோனா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டாமுக்கு மருந்து கட்டும் நேரம் வந்தது. போய்க் கட்டினேன். என் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவரிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். நான் கட்டி முடித்த கால் அது, என்னிடமிருந்தே மூடினார். அந்த ஒரு அசைவு எனக்குப் போதுமானதாக இருந்தது. ஃபியோனாவின் அறைக்குத் திரும்பிப் போய், அழி என்பதை அமுக்கினேன். உறுதியாகவா என்று கேட்டது. அமுக்கினேன். மீட்க முடியாது என்றது. அதற்கும் அமுக்கினேன்.

அப்பாவை எஸ்டேட்டில் புதைத்தபோது நான் அங்கே இல்லை. லீவு கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல்லறையில் மண் காய்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். அதனாலோ என்னவோ, அவர் போய்விட்டார் என்பதை என் மனம் அரைகுறையாகத்தான் நம்பியிருந்தது. குரல் இருந்ததே. அன்று ஃபியோனாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுத அழுகைதான் அப்பாவுக்காக நான் முழுசாக அழுதது. அவள் என் முதுகைத் தடவியபடி, ஃபோன்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அதில் அப்பாவின் குரல் இருந்ததை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து யோசித்திருப்பாள், அழிப்பது இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து பஸ் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். ஃபோன் அவர்களிடம்தான் இருந்தது. டிரைவர் கண்டெடுத்து உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார். தொலைந்த பொருள்களை ஏற்றிக்கொண்டு நகரத்து அலுவலகத்துக்குப் போன வேன்தான் வரைபடத்தில் நான் பார்த்த புள்ளி. உறைக்குள் அடித்த மணி யார் காதிலும் விழவில்லை. கவரை யாரும் கழற்றவும் இல்லை. பூட்டிய ஃபோன் என்பதால் யாருடையது என்று பார்க்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். டாமிடம் படம் அழிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சிம்மைப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். செய்திகளின் பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அதில் முதல் குரல் வந்தது. அம்மா. அதுவரை அவள் குரல் செய்தி அனுப்பியதே இல்லை, அது ஆண்கள் வேலை என்பதுபோல அப்பாவிடம் விட்டிருந்தாள். காதில் வைத்துக் கேட்டேன். "ஏட்டி ஜெசி, இத அமுக்கிப் பிடிச்சிட்டுப் பேசணுமாம்லா. கேக்கா? ஊருல ரெண்டு நாளா நல்ல மழையாம், செல்வி ஃபோன் பண்ணிச் சொன்னா. நம்ம லயத்து வாசல்ல தண்ணி நிக்குதாம்." ஊர் என்று அவள் சொன்னது சின்னக்கானலை. என் அம்மா வாயிலிருந்து அப்படி வந்து நான் கேட்டதில்லை. அவள் மேலும் ஏதோ சொல்ல வருகிறாள், அதற்குள் கரிசல்குளத்துத் தெருவில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அவளைக் கூப்பிடுகிறது: "ஏ மலைக்காரி, கொழாயில தண்ணி வந்துட்டு, வா."