சீசன் சார் குடியிருந்த வீடு

"எத்தனை ராத்திரி அங்க தூங்கினீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலுக்குப் போகிறார் சீசன் சார். பதில் வருவதற்குள் பிரிண்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்து, கோப்பையை அலமாரி மேல் வைத்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டு வரிப் படிவம் நிரப்ப வந்த மனிதர் பாவம், கழுத்தைத் திருப்பித் திருப்பி இவரைத் தேடுகிறார். சாருடைய நாற்காலியில் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வீடு விற்றவர் என்றால் இவருக்குத் தனிக் குஷி. இந்த நாட்டில் வீடு விற்ற லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் அது குடியிருந்த வீடாக இருந்து, விற்பதற்கு முந்தின ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அதில் வசித்திருந்தால் விலக்கு. அந்த 'வசித்திருந்தால்' ஒன்றை வைத்துக்கொண்டு ஆளைக் குடைந்து எடுத்துவிடுவார். "தபால் எந்த விலாசத்துக்கு வந்துச்சு? பேரு கதவுல இருந்தா போதாது சார், ஆளு கட்டில்ல இருக்கணும்." தேதியில் கதை விடுகிறவர்களை வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்பிவிடுவார், மரியாதையாகத்தான்.

படிவம் கொடுக்கும் மாதங்களை 'சீசன்' என்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சரி, பல்வலிக்கு டாக்டரிடம் போகச் சொன்னாலும் சரி, "இப்ப சீசன், முடியட்டும்." ஊருக்கெல்லாம் சீசன் மூன்று மாதம், இவருக்கு நாலரை வருஷமாக முடியவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில். பேனா ஸ்டாண்டில் இரண்டு பேனா, ஒரு பல் துலக்கும் பிரஷ். "சாருக்கு வீடு இல்லையா, வீட்டுக்கு சார் இல்லையா?" என்று கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரர் கேட்பார். சாரும் சிரிப்பார்.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. மனைவி நர்ஸ், அந்த அம்மாவும் குரலை உயர்த்தியதில்லை, இவரும் உயர்த்தியதில்லை. வேலை ஜாஸ்தி என்று ஒரு வாரம் ஆபீசில் படுத்தார். வாரம் மாதமானது. துணி எடுக்கப் போவார், நின்றபடியே ஒரு காபி குடிப்பார், திரும்பிவிடுவார். பிரிந்துவிட்டோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. போன வருஷம் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும், "இவ்வளவு பெரிய வீட்டை யாரு பெருக்கறது" என்றார் அந்த அம்மா. வீடு விற்றாயிற்று.

இப்போது அவர்களுடைய படிவம் மேஜையில் கிடக்கிறது. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் ஆளுக்கொரு கட்டம்: எதுவரை குடியிருந்தீர்கள்? மனைவியின் கட்டம் ஒரு நிமிஷத்தில் நிரம்பிவிட்டது. தன் கட்டத்தைச் சுற்றிப் பதினோரு நாளாக நடக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான். ஆபீசுக்குக் கட்டில் வாங்கிய தேதியைப் போட்டால் இவருடைய பாதிக்கு விலக்கு இல்லை. கடைசிச் சட்டைகளை எடுத்துவந்த தேதியைப் போட்டால் இரண்டு வருஷமும் பத்தொன்பது நாளும் தேறுகிறது. வரி கட்டுவதற்கு அவர் பயப்படவில்லை. எழுதாதவரைக்கும் அது சீசன். எழுதிவிட்டால், பெண்டாட்டியை விட்டுப் போன தேதி. அந்தப் பயம்தான் அவரை உட்காரவிடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் சட்டைத் தேதியையே பேனாவால் எழுதினார்.

மத்தியானம் டூட்டி முடிந்து அந்த அம்மா கையெழுத்துப் போட வந்தார். நாற்காலிக் கோப்புகளை இறக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இவர் ஜன்னலிலிருந்து பேசினார்.

"அந்தத் தேதி... கடைசியா சட்டை எடுத்துட்டு வந்தேனே, அன்னைக்கு."

"சட்டையையா கேக்கறாங்க?"

"இல்ல, விலக்கு போயிடும். வரி கட்டணும். உனக்கும்தானே நஷ்டம்."

"கட்டிக்கலாம்." அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார் எப்ப வீட்டுக்கு வருவாருன்னு வார்டுல கேக்கறாங்க. நானும் சீசன்னே சொல்லிட்டிருக்கேன். எனக்கு அலுத்துப்போச்சுங்க."

இவர் பிரிண்டரிடம் போனார், திரும்பினார். "சரி, கட்டில் வாங்கின தேதியையே போட்டுடறேன். பில் இருக்கு, எடுக்கறேன்."

"பில் எதுக்கு?"

அந்த அம்மா பேனாவை எடுத்து, இவர் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். மேலே நாள், மாதம், வருஷம் எழுதினார். காலண்டரைப் பார்க்கவில்லை, யோசிக்கவுமில்லை. கட்டில் வாங்குவதற்கும் எட்டு மாதம் முந்தைய தேதி அது. அந்த எட்டு மாதமும் இவர் தினம் வீட்டுக்குப் போனார், அந்த அம்மாவின் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினார்.

அந்த அம்மா தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி, தாளை இவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.