இல்-பிசார் படகுத்துறையில் கடைசிப் பக்கம்

அக்கரையில் இருக்கும் லாவாலுக்குப் போகும் படகில் ஏற வரிசையில் நிற்கிறேன். கையில் பழங்காலக் கொரியாவில் நடக்கும் ஒரு மர்ம நாவல். காணாமல்போன அக்காவை, தங்கை ஆண் வேடத்தில் தேடி அலைகிறாள். வந்து நின்ற படகிலிருந்து இறங்கியவர்களில் மகள் இல்லை என்றதும், பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்து அம்மா மறுபடி போன் செய்கிறார். “மகளின்ர போன் இன்னும் ஓஃப்” என்று முணுமுணுக்கிறார். அவர் பார்வை என் புத்தக அட்டையில் விழுகிறது.

“தம்பி தமிழோ? இதைத்தான் என்ர மகளும் வாசிச்சுக் கதை சொல்லுறவள். அக்காவைக் கண்டுபிடிக்கினமோ?”

“பாதிதான் படிச்சிருக்கேம்மா.”

“முடிவைப் பார்த்துச் சொல்லுங்கோவன்.”

முடிவை முதலில் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் புரட்டுகிறேன். கடைசிப் பக்கத்தில் தங்கை மட்டும் தனியாக வீடு திரும்புகிறாள்.

“கண்டுபிடிச்சுடுறாங்கம்மா” என்கிறேன்.