நாற்காலியின் முதுகில் எழுதிய பெயர்

போன மாதம் எங்கள் பக்கத்து மகளிர் குழுவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: தொழிலில் ஜெயிக்க மனசை எப்படிப் பழக்குவது. நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவள், மனசைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மைக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உளறினேன். உழைப்பு, நாணயம், நேரம் தவறாமை என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடுகிற வார்த்தைகளாகவே வாயில் வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. பதினோரு வருடம் கடை நடத்தியவள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலிலிருந்து வடக்கே போகிற சாலையில் எங்கள் கடை. சாமியானா, நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். மற்றதெல்லாம் நான். யாராவது வந்து என்னிடமே "ஓனர் இல்லீங்களா?" என்று கேட்டால், அவர் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அவங்கதான் ஓனரு. நான் டிரைவரு" என்பார். அதைக் கேட்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

நூறு நாற்காலியில் ஆரம்பித்தோம், இப்போது அறுநூறு இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் எங்கள் கடைப் பெயர் இருக்கும். முதல் நூறுக்கு நானே தெருவில் உட்கார்ந்து எழுதினேன். முழங்கையில் ஒட்டிய சிவப்பு ஒரு வாரம் போகவில்லை. யாராவது கல்யாணப் போட்டோ காட்டினால் நான் முதலில் நாற்காலியின் முதுகைத்தான் பார்ப்பேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கடை உண்டு. எங்களைவிடப் பழையது, பெரியது. அவர்கள் நாற்காலியில் பெயர் நீலத்தில் இருக்கும். அதன் முதலாளி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் கடை போட்ட புதிதில் டீக்கடையில் உட்கார்ந்து, "பொம்பள போடுற பந்தலு காத்தடிச்சா பறந்துடும்" என்று சொன்னார். அது ஊர் சுற்றி என் காதுக்கு வந்தது. பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டாவது வருடம் ஆடிக் காற்றில் என் சாமியானா ஒன்று நிஜமாகவே பறந்துவிட்டது. ஒரு காதுகுத்து வீட்டில் கிளம்பி, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை மேல் போய்ப் படுத்துக்கொண்டது. சேதி தெரிந்து அவர் பைக்கில் வந்து நின்றார். எனக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால், "வேடிக்கை பாக்க வந்தீங்களா, கயிறு புடிக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதோடு நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வண்டி எதிரே வந்தால் என் வீட்டுக்காரர் மெல்ல ஹாரன் அடிப்பார். நான் முகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்து வயலைப் பார்ப்பேன்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. சாவுக்குக் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. அது புத்தகத்தில் படித்தது இல்லை, பட்டு வந்தது. முதல் வருடம் தெரிந்தவர் வீட்டில் ஒரு சாவு. நாற்காலி கேட்டார்கள். இருந்த நூறும் மறுநாள் ஒரு சடங்கு வீட்டுக்குப் பேசியாகிவிட்டது என்று இல்லையென்றேன். சாயங்காலம் துக்கம் கேட்கப் போனேன். வயசான மனுஷர்கள் தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். அந்த வீட்டுப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதிலிருந்து ஐம்பது நாற்காலியைத் தனியாக ஒதுக்கி வைக்கிறேன். எவ்வளவு பெரிய கல்யாணமாக இருந்தாலும் அதைத் தொட விடமாட்டேன். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடுகிறார்கள், சாவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடையில் அதற்குப் பெயரே 'தனி ஐம்பது' என்று ஆகிவிட்டது.

எங்களுக்குள் பேச்சு நின்ற நாலாவது வருடம் ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். தனி ஐம்பதைத் தவிர எல்லாமே வெளியே போக வேண்டியது. அதில் முந்நூறு வரிச்சிக்குடியில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பஸ் வைத்து வருகிறார்கள். காலையிலேயே குரும்பகரத்தில் ஒரு சாவு என்று கேட்டார்கள், தனி ஐம்பதும் போய்விட்டது. வரிச்சிக்குடிக்கு முதல் நடையில் இருநூறு இறக்கியாகிவிட்டது. மதியம் ஒரு மணிக்கு மிச்சம் நூறையும் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, பூவத்துலேர்ந்து பேசுறேன். அப்பா தவறிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்குறோம். ஒரு நூறு சேர் வேணும்க்கா."

"வந்துடும் தம்பி" என்று என் வாய் சொல்லிவிட்டது.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கேர்ந்து வரும்?"

அவர் கேட்டது நியாயம். கடையில் இருந்தது அந்த வண்டியில் ஏற்றிய நூறுதான். பூவத்தில் போட்டுவிட்டு அங்கிருந்தே வரிச்சிக்குடிக்குக் கொண்டுபோகவும் முடியாது. சாவு வீட்டுக்குப் போன நாற்காலியைக் கழுவிக் காயவைக்காமல் கல்யாண வீட்டில் போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மறைத்துச் செய்தாலும், இரண்டு ஊருக்கும் ஒரே சாலை. யாராவது வண்டியைப் பார்த்திருப்பார்கள். நூறு குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்கள். அது அன்றைக்கோடு போகிற விஷயமில்லை. பெண் வீட்டுப் பந்தலில் உட்கார ஒரு நாற்காலி இல்லை என்று அந்தப் பெண் காலம் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

"வண்டியப் பூவத்துக்கு விடுங்க" என்றேன். "இதுக்கு நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொள்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. தெரிந்த ஐந்து கடைக்கும் போன் போட்டேன். முகூர்த்த நாளில் யார் கடையில் நாற்காலி சும்மா இருக்கும்? நான் போன் போடாதது ஒரே ஒரு கடைக்குத்தான். அந்த நம்பரை நாலு வருடம் முன்னாலேயே கோபத்தில் அழித்துவிட்டிருந்தேன். அரை மணி நேரம் வீணாக நடந்தேன், கொடவுனைப் பூட்டினேன், திறந்தேன். கடைசியில் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நீலக் கடைக்காரர் தன் கொடவுனில் லுங்கியோடு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தேன். வாசலில் நின்றதும் அத்தனையும் மறந்துபோய், "அண்ணே, நூறு சேர் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

ஒன்று விடாமல் சொன்னேன்.

"இருந்ததச் சாவுக்குக் குடுத்துட்டியா?"

"ஆமாண்ணே."

கயிற்றைக் கீழே போட்டார். "எங்கிட்டயும் எல்லாம் போயிடுச்சும்மா. நாளைக்கிக் கோயில் அன்னதானத்துக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். அதுல நூறு தர்றேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு எனக்குத் திரும்பி வந்துடணும்."

"வந்துடும்."

"வண்டி?"

"பூவத்துக்குப் போயிருக்கு."

அவர் தன் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவரும் ஏற்றினார், நானும் ஏற்றினேன். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு அவர் வண்டியிலேயே கிளம்பினேன். பறந்த சாமியானாவைப் பற்றி ஏதாவது சொல்வார், சொல்வார் என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். குத்திக் காட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் குத்த வசதியாக இருந்திருக்கும். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

வரிச்சிக்குடியில் இறக்கிப் போட்டபோது மணி ஐந்து. பின்னால் நாலு வரிசை முழுக்க நீலப் பெயர். தெருவில் போகிறவர்கள் முகத்துக்கு நேரே தெரிந்தது. பூவத்திலிருந்து வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "வண்டியில வெள்ளச் சேர் உறை கெடக்கு. மாட்டிடுவமா? பேரு தெரியாது."

நல்ல யோசனை என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கட்டணம் இல்லாத உறை, யார் வேண்டாம் என்பார்கள்? நானே மளமளவென்று ஒரு வரிசை மாட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் நீலக் கடைக்காரர் இன்னும் போகவில்லை. அந்தக் கோடியில் குனிந்து வரிசையை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார், அதுவும் என் சிவப்பு நாற்காலிகளை. உறை மாட்டியதை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்தார். "என்னம்மா, நான் உறை கேக்கவே இல்லியே?"

மறைக்கத் தோன்றவில்லை. பூவத்துச் சாவு, இரவல் நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"முந்நூறும் வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சுங்கய்யா."

"அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டு வாழை இலைக் கட்டைத் தேடிப் போய்விட்டார். நாற்காலியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மகளிர் குழுவில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். நாற்காலியின் முதுகைப் படிக்கிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர், ஒன்று நான், இன்னொன்று நீலக் கடைக்காரர். மற்றவர்கள் எல்லோரும் உட்கார வந்தவர்கள். என் கௌரவம், என் பெயர் என்று நாலு வருடம் நான் கட்டிக் காத்தது எதையும் அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், ஆறு மணிக்கு நாற்காலி இருக்குமா என்பதுதான். இருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, யாருக்காகவும் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். உறைகளை நானே கழற்றினேன். மாப்பிள்ளை வீட்டார் சிவப்பிலும் நீலத்திலும் கலந்து உட்கார்ந்தார்கள். விடியற்காலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே நூறும் அவர் கொடவுனில் இருந்தன.

அதன் பிறகு முகூர்த்த நாட்களில் அவரிடம் இல்லாதது என்னிடமிருந்து போகும், என்னிடம் இல்லாதது அவரிடமிருந்து வரும். சொன்ன சொல்லுக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் வேறு யாரோ என் பறந்த பந்தலைப் பற்றி எடுத்தபோது, "அது கயித்தோட தப்பு. அந்தம்மா கட்டுனது சரிதான்" என்று சொன்னாராம். கயிறும் என்னுடையதுதான். நான் திருத்தப் போகவில்லை.

போன வருடம் பங்குனியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அவர் மனைவி ஏழெட்டு மாதமாகவே படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும்.

"நான்தாம்மா. அவ போயிட்டா."

நான் கடைச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நூறு சேர் அனுப்பு."

அவர் வீட்டுக்குப் பின்னாலேயே கொடவுன். அன்றைக்கு அதில் ஆயிரம் நாற்காலிக்குக் குறையாமல் அடுக்கியிருக்கும். நான் கேட்காமலே அவரே காரணம் சொன்னார். "நம்ம சேரப் போட்டா நான் எந்திரிச்சி எந்திரிச்சி அதையே பாத்துக்கிட்டு நிப்பேன். எல்லாச் சாவுக்கும் நின்னுட்டேன். இன்னிக்கு ஒருநா அவ பக்கத்துல உக்காரணும்."

"நாங்க வர்றோம்ண்ணே" என்றேன்.

பதினோரு வருடத்தில் பெரிய மனிதர்கள் வந்த மேடைக்கெல்லாம் நாற்காலி போட்டிருக்கிறேன். எனக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் எது என்று கேட்டால் அந்த நூறைத்தான் சொல்வேன். ஊரில் இத்தனை கடை இருக்க, அந்த மனுஷர் என்னிடம் கேட்டார். தனி ஐம்பதும் போட்டேன், கடையிலிருந்து இன்னும் ஐம்பதும் போட்டேன். ஆட்களை விடாமல் ஒவ்வொரு வரிசையையும் நானே பிடித்தேன்.

வெயில் ஏறி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ இழுத்துப் போட்டதில் முன் வரிசையில் ஒரு நாற்காலி கோணிக்கொண்டு நின்றது. உள்ளே மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. எழுந்து வாசல் வரை வந்து கையை நீட்டினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "இது என் வேலைண்ணே. நீங்க போய் உக்காருங்க."

என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.