மூன்று குப்பையிலும் ஒரே பூச்சி: நகரியிலிருந்து திருப்பதிக்கு

இந்தக் கதையில் வரும் பெரியவர்கள்: நான், என் நாத்தனார் கன்னியம்மா, என் மகன் சேகர், திருப்பதி வேளாண் கல்லூரியில் பூச்சிகளைப் பார்க்கும் டீச்சரம்மா. கண்டக்டரையும் சேர்த்தால் ஐந்து பேர்.

இந்த ஆனியில் முதல் மழை பெய்ததும் கன்னியம்மாவின் பேத்திக்குக் கழுத்தில் தீப்பட்டதுபோல் கொப்புளம். "உன் எருக்குழிப் பூச்சிதான் கொழந்தைய சுட்டுச்சு!" என்று தெருவில் நின்று கத்தினாள். சனிக்கிழமை ஜேசிபி வந்து குழியை வாரிவிடும் என்று முடிவாயிற்று. யார் சொல்லி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு வருஷச் சாணி அது. என் வேர்க்கடலைக் கொல்லைக்குச் சோறு.

வெள்ளிக்கிழமையே கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு டப்பாவில் என் குழிப் பூச்சி. இன்னொன்றில் கன்னியம்மா வீட்டு வைக்கோல் போரின் மட்கிய அடியில் பிடித்தது. அவளைப் பக்கத்தில் நிறுத்தியே பிடித்தேன். இரண்டும் எறும்பைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு, அரைச்சட்டை போட்டதுபோல் குட்டை இறக்கை.

நகரியில் எட்டு மணி பஸ். புத்தூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். சாதாரண பஸ்ஸில் ஆதார் காட்டினால் எங்கள் ஆந்திராவில் பெண்களுக்குக் காசில்லை.

"இதேந்தி ஆயா, டப்பால இன்னா வச்சிகினு போற?" என்றார் கண்டக்டர், தெலுங்கும் தமிழுமாக.

"பூச்சி."

"அதுக்கு ஆதார் கீதா?"

பஸ்ஸே சிரித்தது. கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டாண்டிலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். டீச்சரம்மா இரண்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணேம்மா. கொப்புளம் போடறது வேற. அதுக்கு ஒடம்புல சிவப்பு இருக்கும், லைட்டைப் பார்த்து வீட்டுக்குள்ள வரும், மேல நசுங்கினா சுடும். இது ஈப்புழுவைத் துன்னுகினு குப்பையிலயே கெடக்கும்."

வெளிநாட்டுப் பூச்சியாம். சரக்கோடு வந்து சாணி, வைக்கோல், அழுகிய இலை என்று குப்பைக்குக் குப்பை பரவியிருக்கிறதாம். கண்டக்டர் கேட்டது சரிதான், ஆதார் இல்லை! டீச்சரம்மா கல்லூரிக்குப் பின்னால் இலைக் குப்பையைக் கிளறிக் காட்டினார். அங்கேயும் அதே பூச்சி.

"எங்களுதையும் ஜேசிபி வச்சி வாரிடலாமா?" என்றார்.

கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தூளி மேலயே ட்யூப்லைட் எரிய வுட்டுகினு இருந்தேன் அண்ணி. கொழந்தைய பார்த்து பயந்துட்டேன்." அங்கிருந்தே ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பும்போது புத்தூர் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன்.

நீங்களும் இப்படிப் போனால், டப்பா மூடியில் ஊசியால் ஓட்டை போடுங்கள், உள்ளே ஈர எரு வையுங்கள், பூச்சியை வெறுங்கையால் தொடாதீர்கள். முக்கியமாக, குற்றம் சொன்னவர் வீட்டுக் குப்பையிலும் ஒரு டப்பா எடுங்கள்.

கன்னியம்மாவைப் பஸ்ஸிலேயே மன்னித்துவிட்டேன். அவள் குழந்தைக்காகக் கத்தினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தெருவே பார்க்க ஜேசிபிக்காரரிடம், "எங்க குழிதான், வாரிக்கினு போங்க" என்று சொன்னவனை மன்னிக்க மாட்டேன்.

என் மகன் சேகர்.