கறுப்புத் துண்டில் பொரி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வல்லம் வடகால் முனையில் இறக்கிவிட்டது. கை கால் கழுவி, சீருடையைத் துவைத்துக் காயப்போட்டு, இரவுக்குத் தோசை மாவைக் கரைத்து வைத்தேன். எல்லா நாளும் இதே வரிசைதான். அன்று மாவுக்குப் பிறகு ஒரு வேலை சேர்ந்தது: தங்கை மகளுக்கு இடது கண் தெரிகிறதா என்று பார்ப்பது.

நானும் தங்கையும் அவள் கணவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. சில வாரங்களாக, களைத்துப்போனால் அவள் இடது விழி மூக்குப் பக்கம் ஒதுங்கியது. கட்டிலின் வலப்பக்கம் சுவர் என்பதால் காலையில் அவள் இடப்பக்கம் நின்றுதான் எழுப்புவேன், திடுக்கிட்டு அழுவாள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பது அவள் அப்பாவின் கட்சி.

“கம்பெனில பண்ற இன்ஸ்பெக்‌ஷன் போதாதாக்கா? எம்பொண்ணு மேல ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிடாதீங்க” என்றார்.

“கம்முனு இருய்யா” என்றாள் தங்கை.

அவள் மகளை மடியில் வைத்து இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். பிஸ்கெட்டைக் காட்டினேன்.

“பிக்கெட்.”

வலது கண்ணை மூடி அதையே காட்டினேன். சிணுங்கி, அம்மாவின் கையைத் தள்ளினாள். ஆனாலும் “பிக்கெட்” என்றாள்.

“பாத்தீங்களா, கரெக்டா சொல்லிச்சு” என்றார் அப்பா.

எனக்கும் நிம்மதிதான். தோசைக்கல்லை அடுப்பில் வைத்த பிறகே உறைத்தது. கம்பெனி லைனில் ஒரு பாகத்தை இரண்டாவது ஆள் சோதிக்கும்போது முதல் ஆள் சொன்னதை அவரிடம் சொல்ல மாட்டோம். நானோ வலது கண் பார்த்த பிஸ்கெட்டையே இடது கண்ணுக்கும் காட்டியிருந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, கறுப்புத் துண்டைத் தரையில் விரித்துப் பொரியைத் தூவினேன். இடது கண்ணை மூடியபோது ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கித் தின்றாள். “பெம்மா, ஆ” என்று பெரியம்மா எனக்கும் ஒன்று ஊட்டினாள். வலது கண்ணை மூடியதும் மறுபடி கையைத் தள்ளினாள். பாட்டுப் பாடி, மெதுவாக மூடினோம். இப்போது துண்டை உள்ளங்கையால் தடவினாள். கையில் ஒட்டியதை நக்கினாள். விரல் ஓரத்தில் கிடந்தவை அப்படியே கிடந்தன.

“இன்னொருவாட்டி பாருக்கா” என்றாள் தங்கை. பார்த்தேன். அதே தடவல்.

“தெரியவே இல்லன்னு சொல்லல. கம்மியா தெரியுது போல. டாக்டர் பாத்துதான் சொல்லணும்” என்றேன்.

அப்பா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “இவ்ளோ நாளா இதோடயா ஆடிக்கினு இருந்த நீ?” என்று அவளிடம்தான் கேட்டார். அவள் அவர் காதைப் பிடித்து இழுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நானும் லீவு போட்டுடறேன்கா. காஞ்சிபுரம் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்டலாம்.”

மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே, சத்தம் வராமல் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். அந்த இடைவெளியில் நுழைந்து, அவள் வலப்பக்கம் மண்டியிட்டு, மெதுவாகக் கூப்பிட்டேன்.

“பெம்மா” என்றாள். அழவில்லை.